நாலாவது ஆள்

ஜூலை 4, வியாழன்

மாமா, இவருடைய அப்பா, போனது திங்கட்கிழமை. இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த டம்ளரை மதியம் வரை யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக் கழுவினேன்.

நேற்று சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். இனிமேல் கருமாதிதான், பதினாறாம் தேதி. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சின்ன மாமா நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். அவர் மாமாவின் தம்பி வேலுச்சாமி, இப்போது வீட்டுக்குப் பெரியவர். எங்கள் அருப்புக்கோட்டைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடியும்வரை கேத வீட்டுப் பெண்கள் தெருமுனையைத் தாண்டக் கூடாது. கோயில் கிடையாது, விசேஷம் கிடையாது, அடுத்த வீட்டு வாசல்கூடக் கிடையாது.

என் பரீட்சை பதிமூன்றாம் தேதி. விருதுநகரில்.

இழவு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறாயே, வெட்கமாயில்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பரீட்சை பதிமூன்றாம் தேதிதான்.

ஜூலை 5, வெள்ளி

அஞ்சல் வழியில் பி.ஏ. சமூகவியல் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்னால். பாப்பா வயிற்றில் இருந்தபோது முதல் தாளை எழுதப் போகவில்லை. அப்புறம் போய் எழுதித் தோற்றேன். மற்ற தாளெல்லாம் தட்டுத்தடுமாறிப் பாஸ். 'சமூகவியல் அறிமுகம்' மட்டும் பாக்கி. மாடி கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்ட நிற்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்தத் தடவை விட்டால் பழைய பாடத்திட்டத்தில் எழுதவே முடியாது, பாஸ் செய்ததெல்லாம் வீண். பட்டம் கையில் இருந்தால் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் மனிதர்களைப் பார்த்துப் பேசுகிற வேலை.

காலையில் இவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ஒரே நாளுதான். காலையில போனா மதியம் வந்துருவேன்."

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல ஜெயா. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். சொல்லிவிட்டுக் கடை திறக்கக் கிளம்பிவிட்டார்.

கொள்ளி வைத்த மகன் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போகலாம், அது பிழைப்பு. பாப்பா பள்ளிக்கூடம் போகலாம், அது படிப்பு. நான் செய்வது மட்டும் இரண்டிலும் சேராது போலிருக்கிறது.

ஜூலை 6, சனி

முதல் பாடமே இதுதான்: பழகிய இடத்தை, அன்றைக்குத்தான் வந்து இறங்கிய வெளியூர்க்காரன் மாதிரி பார்க்க வேண்டும். யார் எங்கே உட்காருகிறார், யார் யாருக்குக் கட்டளையிடுகிறார், எது நடந்தால் முகம் சுளிக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். வெளியேதான் போக முடியாது, வீட்டைப் பார்ப்பதை யார் தடுப்பது? இன்று முழுக்கப் பார்த்தேன்.

ஆண்கள் பந்தலில் நாற்காலி போட்டு, பெண்கள் உள்ளே தரையில். சின்ன மாமா சத்தமாகப் பேசுவார், வேலை எதுவும் செய்யமாட்டார். தனம் மதினி, இவருடைய அக்கா, வேலை எல்லாம் செய்வார், சத்தமே வராது. அத்தை மூலையில் பாயில். கேதம் கேட்க ஆள் வந்தால் அழுகை எழும்பும், கட்டிக்கொண்டு அழுவார்கள், வந்தவர் எழுந்து போனால் அடங்கும். இன்று ஒரு கூட்டம் அழுது முடித்து வாசலைத் தாண்டியதும் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பால்காரன் வந்தானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யோசித்தேன். இது பொய்யழுகை இல்லை. தனியாக அழத் தெரியாத மனுஷிக்கு அழுவதற்கு ஒரு துணையும் ஒரு நேரமும் ஊரே அமைத்துக் கொடுத்திருக்கிறது. பரீட்சையில் சடங்கு பற்றிக் கேட்டால் இதை எழுதலாம்.

சாயங்காலம் அத்தை டிவி போடச் சொன்னார். அவர் பார்க்கும் நாடகம் நின்றுபோன இடம் ஞாபகம் இருக்கிறதாம். போட்ட கொஞ்ச நேரத்தில் நான் அணைத்துவிட்டேன். வாசலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். பாப்பா ஏதோ சேட்டை செய்ய, அத்தை வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைக் காட்டினேன், புரிந்துகொண்டார். அவருக்குச் சில விஷயம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

கரண்ட் இல்லை. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. எட்டுத் தடவை காபி போட்டேன்.

ஜூலை 8, திங்கள்

சமூகம் என்பது மனிதர்களைக் கூட்டிக் கழித்தால் வரும் தொகை இல்லை என்கிறது புத்தகம். வழக்கமும் நெறியும் நாம் பிறக்கும் முன்னால் இருந்தவை, நமக்குப் பின்னாலும் இருக்கும். நமக்கு வெளியே நின்று நம்மை அழுத்தும். ஒத்துப் போகிறவரை அந்த அழுத்தம் தெரியாது, மீறப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சோதித்துப் பார்த்தேன். குப்பை வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தொட்டிக்கு நடந்தேன். வழக்கமாக வாசலில் வண்டி வரும்போதுதான் போடுவேன். நல்ல வெயில், தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. தொட்டியில் கொட்டினேன். இன்னும் கொஞ்சம் நடந்தால் பஸ் போகிற ரோடு. ஒரு எட்டு எடுத்து வைப்போம் என்று நினைத்தேன். முதுகு முழுக்கக் குறுகுறுத்தது, எல்லா ஜன்னலும் என்னையே பார்ப்பது போல. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடிக்கவில்லை. கால் தானாகத் திரும்பிவிட்டது. வீட்டுக்குள் வந்து வாளியைக் கழுவினேன். கோபத்தில் அழுகை வந்தது. என்ன ஜென்மம் இது, பூட்டே இல்லாத வீட்டுக்குள் அடைந்து கிடப்பது?

பொழுது சாயும் நேரம் அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள புழுங்குது தாயி" என்றார். "யாராச்சும் பாத்தா ஒரு மாதிரி நெனைப்பாங்க, உள்ள வாங்க அத்தை" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவருடைய நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஒன்று தோன்றியது. 'நாலு பேர்' 'நாலு பேர்' என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாரும் சொல்கிறார்கள். யார் அந்த நாலு பேர்? பெயர் என்ன, எந்த வீடு? கள ஆய்வு செய்யப் போகிறவள் அதைக்கூடவா கண்டுபிடிக்கக் கூடாது? நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இவரிடம், "யாரச் சொல்றீங்க? ஒரு பேரு சொல்லுங்க" என்று விடாமல் நச்சரித்ததில், "சின்ன மாமாவே சும்மா இருக்கமாட்டாரு" என்றார்.

முதல் ஆள் கிடைத்தார்.

மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். சின்ன மாமா மோரை மடமடவென்று குடித்தார்.

"நானாத்தா ஒண்ணுஞ் சொல்லப் போறேன்? வீட்டுக்கு வந்த பிள்ள படிச்சா எனக்குப் பெருமைதேன். ஆனா தனம் இருக்கு பாரு, பொறந்த பொண்ணு. அப்பன் செத்து பதினாறு முடியல, அதுக்குள்ள தம்பி பொண்டாட்டி கெளம்பிட்டாளேன்னு அது மனசு நோகும்ல?"

ஜூலை 10, புதன்

மதினி பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கூட உட்கார்ந்து கழுவிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன்.

"காலேஜுக்குப் போறேன்னு நான் மூணு நாளு சாப்புடாமக் கெடந்தேன் ஜெயா. அப்பா விடல. 'எனக்கு ஒண்ணுமில்லத்தா, தம்பி என்ன சொல்லுவான்'னாரு. வேலுச்சாமிச் சித்தப்பாவத்தான் சொன்னாரு. நீ போயி எழுது. நா எதுக்குச் சொல்லப் போறேன்?" அப்புறம் குரலை இறக்கினார். "ஆனா இந்தத் தெரு விடாது. எதுத்த வீட்டுக் கோமதி வாயில விழுந்தா அம்புட்டுதேன்."

மாமாவைப் பற்றி இப்படி ஒரு கதை எனக்குத் தெரியாது. மதினி அந்தச் சட்டியை ரொம்ப நேரம் தேய்த்தார்.

புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அது அவர் பாடு; ஊரில் பாதிப் பேருக்கு இல்லையென்றால் காரணத்தை அவரிடம் தேடாதே, ஊரிடம் தேடு என்று. இந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு பேருக்கு ஒரே வியாதி. நான் இவ்வளவு நாளும் என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

கோமதியக்கா இட்லி கொண்டு வந்தார். கேத வீட்டுக்கு அவர்தான் தினமும் காலை டிபன். அவரிடம் கேட்பதற்குத்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது, தெருவில் எந்தச் செய்தியும் அவர் வீட்டு வாசலில்தான் தொடங்கும். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அட போ ஜெயா!" என்று கன்னத்தில் கை வைத்தார். "எம்மக ராத்திரி ஷிப்டுக்குப் போயிட்டு விடியத்தான் வாரா. நான் ஒன்னையச் சொல்லுவேனா? ஒங்கத்தையத்தான் நெனச்சேன். புருஷன் போன துக்கத்துல மூலையில கெடக்குறவங்கள விட்டுட்டு நீ பஸ் ஏறிப் போனா, அவங்க என்ன நெனைப்பாங்க?"

ஆக, நாலாவது ஆள் அத்தை. எதிர்வீடு வரைக்கும் தேடிப் பார்த்து, கடைசியில் என் வீட்டு மூலைக்கே வந்து சேர்ந்துவிட்டேன். அவரிடம் எந்த வாயால் கேட்பது? தாலி இன்னும் கழுத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கழட்டப் போகிறார்கள். அவரிடம் போய், நான் பரீட்சை எழுதட்டுமா என்று கேட்டால் நான் மனுஷியா?

கேட்கப் போவதில்லை. பரீட்சை போனால் போகட்டும்.

ஜூலை 12, வெள்ளி

கேட்டேன்.

மதியம் எல்லாரும் அசந்திருந்தார்கள். அத்தைக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தேன். "அத்தை, நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். பாப்பா சொல்லுச்சு. எப்ப வந்து கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"போகட்டா?"

"போயிட்டு வா. நான் என்ன சொல்லப் போறேன்?"

அவ்வளவுதான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இப்படிச் சுலபமாக உருளும் என்று நினைக்கவில்லை. அழுதுவிட்டேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணும் சொல்லமாட்டேல்ல?"

"நான் என்ன அத்தை சொல்லப் போறேன்?"

"செவ்வாக்கெழம தாலியக் கழட்டட்டும். அவரு கட்டுனது, அவரோட போகட்டும். பொட்ட மட்டும் விட்டுரச் சொல்லு தாயி. அது நான் பிள்ளையில இருந்து வச்சது. அது இல்லாம கண்ணாடியில பாத்தா யாரோ மாதிரி இருக்கும்." பேசும்போது வாசலைப் பார்த்துக்கொண்டார். "வேலுச்சாமிட்டக் கேட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல மதினின்னாரு. தனம் ஒன் இஷ்டம்மான்னுருச்சு. ஒங்கிட்டக் கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

"எங்கிட்டயா? நான் என்ன பண்ணேன்?"

"டிவிய நீதான அமத்துன. சிரிச்சாக் கண்ணக் காட்டுற. வாசல்ல நின்னா உள்ள வாங்கங்குற. நாலு பேரு பாப்பாங்கன்னு எப்பவும் நீதான சொல்லுவ." கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த நாலு பேர நான் எங்க பாத்தேன்? ஒன்னையத்தான் பாக்குறேன்."

முந்தைய பக்கங்களை இப்போது திருப்பிப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரன் மாதிரி வீடு முழுக்கப் பார்த்தவள் என்னை மட்டும் பார்க்கவில்லை.

"நான் சொல்றேன் அத்தை. அன்னைக்கு நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அத்தை தலையை ஆட்டினார்.

ஜூலை 13, சனி

எழுதிவிட்டேன்.

காலையில் தெருவில் இறங்கி நடந்தபோது கோமதியக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "பாத்துப் போயிட்டு வா" என்றார். சின்ன மாமா பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. வானம் இடிந்து விழவில்லை, பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

பெரிய கேள்வி: 'தனிமனிதர் மீது சமூகம் செலுத்தும் கட்டுப்பாட்டைத் தக்க எடுத்துக்காட்டுடன் விளக்குக.' கேள்வித்தாளைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதினேன். நெறிகள் காவலர் இல்லாமலேயே காவல் காக்கின்றன, ஒவ்வொருவரும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் பிறருக்கு உண்டு என்றும் நம்புவதால் யாருக்கும் வேண்டாத வழக்கம்கூட நிலைத்து நிற்கிறது, அடக்கப்படுகிறவரே அடக்குகிறவராகவும் இருக்கிறார் என்றெல்லாம். எடுத்துக்காட்டாக, 'ஒரு கேத வீட்டில் ஒரு மருமகள்' என்று எழுதினேன். 'நான்' என்று எழுதப் பேனா வரவில்லை.

ஜூலை 15, திங்கள்

கருமாதி வேலை. காய்கறி, வாழையிலை, பந்திப் பாய், வாடகைப் பாத்திரம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன். 'பொட்டு இருக்கட்டும்.' இரண்டே வார்த்தை.

ஜூலை 17, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியாதுதான். ஆனால் எழுதாமல் விட்டால் நடக்காதது மாதிரி ஆகிவிடும்.

அத்தைக்கு மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மடியில். நடுவில் மணையில் அவர், சுற்றிலும் பெண்கள். தாலி கழன்றது. மதினி கத்தி அழுதார். பிறகு வயதில் மூத்த சொந்தக்கார அம்மா ஒருவர் ஈரத்துணியை எடுத்தார். எடுத்தவர் உடனே துடைக்கவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்து, "என்னத்தா, செஞ்சிறலாம்ல?" என்றார்.

சத்தியமாகக் கேட்டார். யாராவது வேண்டாம் என்றால் விட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாவுக்கும் நெற்றி வெறும் நெற்றிதான்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மதினி கோமதியக்காவைப் பார்த்தார். கோமதியக்கா என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைத்தான் பார்த்தார். இரண்டு வார்த்தையும் என் தொண்டையில் இருந்தன. தெருமுனையில் குறுகுறுத்த அதே முதுகு. நான் கோமதியக்காவைப் பார்த்தேன்.

துணி நெற்றியில் பட்டது. ஒரே இழுப்பு.

பந்தி முடிந்து அடுப்படியில் மதினி என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன் ஜெயா. நீ ஆரம்பிச்சிருந்தா நானும் சேந்து சொல்லியிருப்பேன்" என்றார். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் ஆரம்பித்திருந்தால் என்று. பிறகு கேவலமாக இருந்தது, சொல்லவில்லை. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. சனிக்கிழமைதான் இதைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு வந்தேன், மார்க்கும் போடுவார்கள்.

ஜூலை 19, வெள்ளி

மதினி ஊருக்குக் கிளம்பிவிட்டார். வீடு காலியாக இருக்கிறது. அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடும்போது, "ரசம் நல்லாருக்கு" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 22, திங்கள்

ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்தேன், அத்தை வழக்கமாக வைக்கும் அரக்கு நிறம். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். "வச்சுக்கங்க அத்தை. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்" என்றேன், சத்தமாகவே.

"இருக்கட்டும் தாயி" என்றார். அட்டையிலிருந்து ஒன்றும் குறையவில்லை.

ஜூலை 25, வியாழன்

ஆடிக் காற்று நன்றாக வீசுகிறது. சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டேன். "வாங்க அத்தை, உள்ள எதுக்கு வேகணும், இங்கிட்டுக் காத்து வருது" என்று கூப்பிட்டேன்.

அத்தை நிலைப்படி வரைக்கும் வந்தார். தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கோமதியக்கா வீடு பூட்டியிருந்தது. தெருவில் ஆளே இல்லை.

பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.